விளையாட்டு ஒரு வாழ்க்கைத் தொழில்: தாபோடியும் கட்கியும் காட்டும் வழிகள்

விளையாட்டு வீரரின் தொழிற்காலம் மிகக் குறுகியது. பதினைந்து வயதளவில் முறையான பயிற்சியைத் தொடங்கும் ஒருவர், முப்பத்தைந்து வயதுக்குள் பெரும்பாலும் ஆடுகளத்தை விட்டு விலகிவிடுகிறார். ஆசிரியரும் பொறியாளரும் அலுவலரும் தத்தம் துறையில் அனுபவம் முதிர்ந்து உயர் பொறுப்புகளை எட்டத் தொடங்கும் வயதில் வீரரின் தொழில் முடிவுக்கு வந்துவிடுகிறது. எஞ்சியிருக்கும் முப்பது, நாற்பது ஆண்டு வாழ்க்கைக்கு அவர் என்ன செய்வார்? ஆடும் காலத்திலேயே காயமுற்றால் அவர் குடும்பத்தைத் தாங்குவது யார்? இக்கேள்விகளுக்கு ஒரு சமுதாயம் அளிக்கும் விடையைப் பொறுத்தே அங்கு விளையாட்டு ஒரு தொழிலாக நிலைபெறுகிறது, அல்லது இளமைக் காலப் பொழுதுபோக்காக நின்றுவிடுகிறது.

இவ்விடைகள் பொதுவாக மூன்று வகைப்படும். ஒரு நிறுவனம் வீரரைப் பணியில் அமர்த்தி, மாதச் சம்பளம் தந்து, ஆடவும் அனுமதிப்பது முதல் வகை. ஆட்டத்திற்காகவே ஒப்பந்தம் செய்துகொண்டு அதற்கென ஊதியம் தருவது இரண்டாம் வகை. அரசு பயிற்சிக்கான உதவித்தொகையும் பின்னாளில் ஓய்வூதியமும் வழங்குவது மூன்றாம் வகை. இந்தியாவில் நெடுங்காலமாக வேரூன்றி நின்றது முதல் வகையே. அதன் வலிமையையும் வரம்பையும் அறிந்துகொள்ளப் புனே நகரின் வடமேற்கில் அடுத்தடுத்து அமைந்துள்ள தாபோடி, கட்கி ஆகிய இரு பகுதிகளும் நல்ல எடுத்துக்காட்டுகளாகும்.

ஆற்றின் இரு கரைகள்

முளா ஆற்றின் வடகரையில் தாபோடி அமைந்துள்ளது. ஹாரிஸ் பாலத்தைக் கடந்து தென்கரைக்கு வந்தால் போபோடியும் அதனை ஒட்டிக் கட்கி ராணுவக் குடியிருப்பும் உள்ளன. இரண்டும் புனே–லோணாவளா புறநகர் ரயில் பாதையில் அடுத்தடுத்த நிலையங்கள். தாபோடியில் ராணுவப் பொறியியல் கல்லூரியும் மகாராஷ்டிர அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மையப் பணிமனையும் அமைந்துள்ளன. கட்கியில் 1869இல் தொடங்கப்பட்ட வெடிமருந்துத் தொழிற்சாலையும், பம்பாய்ப் பொறியாளர் படைப்பிரிவின் மையமும் இருக்கின்றன.

இத்தகைய தொழிற்சாலைகளும் படைப்பிரிவுகளும் வேலைவாய்ப்பை மட்டும் தரவில்லை. குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றோடு விளையாட்டு மைதானத்தையும் அவை அமைத்தன. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வேலை தேடி வந்த குடும்பங்கள் இங்கே குடியேறின. அவற்றுள் தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. தொழிலாளரின் பிள்ளைகள் கட்டணமின்றி ஆடத்தக்க மைதானம் வீட்டிற்கு அருகிலேயே கிடைத்தது. பணம் படைத்தோர் மன்றங்கள் அமைத்து விளையாட்டை வளர்த்த நகரங்களுக்கும், தொழிற்சாலைக் குடியிருப்புகளில் விளையாட்டு வளர்ந்த இப்பகுதிக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே.

கட்கி மைதானத்தில் தோன்றிய வீரர்

இந்திய ஹாக்கி அணியின் தலைவராக விளங்கிய தன்ராஜ் பிள்ளை, 1968 ஜூலை 16ஆம் நாள் கட்கியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். அவருடைய தந்தை அங்குள்ள ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் மைதானப் பராமரிப்பாளராகப் பணியாற்றியவர். வருவாய் குறைந்த பெரிய குடும்பம் அது. சகோதரர்கள் அனைவரும் தொழிற்சாலைக் குடியிருப்பின் மண் தரையில், உடைந்த மட்டைகளையும் பிறர் எறிந்துவிட்ட பந்துகளையும் கொண்டு ஆடிப் பழகினர். வறுமையைக் காரணம் காட்டித் தாய் அவர்களைத் தடுக்கவில்லை, மாறாக, ஊக்கப்படுத்தினார்.

இக்குடும்பத்தின் முன்னேற்றம் ஒரு குறிப்பிட்ட பாதையில் நடந்தது. மூத்த சகோதரர் ரமேஷ் பிள்ளை, மும்பையில் பொதுத்துறை நிறுவனமான ராஷ்ட்ரிய கெமிக்கல்ஸ் அண்டு ஃபெர்ட்டிலைசர்ஸ் அணிக்காக ஆடிவந்தார். 1980களின் நடுப்பகுதியில் தன்ராஜ் அவரிடம் சென்று சேர்ந்தார். பின்னர் மகீந்திரா அண்டு மகீந்திரா நிறுவன அணியில் இடம் கிடைத்தது. அங்கு முன்னாள் ஒலிம்பிக் வீரர் ஜோக்கிம் கர்வாலோ அவருக்குப் பயிற்சி அளித்தார். அதன் பிறகு ஏர் இந்தியா நிறுவனம் அவரைப் பணியில் அமர்த்தியது. தொழிற்சாலை மைதானம், நிறுவன அணி, விமான நிறுவனத்தில் உத்தியோகம் என்ற இப்படிகளின் வழியாகவே அவர் 1989இல் புதுதில்லியில் நடைபெற்ற ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்திய அணிக்கு வந்தார்.

அடுத்த 15 ஆண்டுகளில் அவர் 339 சர்வதேச ஆட்டங்களில் ஆடினார். 1992, 1996, 2000, 2004 ஆகிய நான்கு ஒலிம்பிக் போட்டிகளிலும், 1990 முதல் 2002 வரை நடந்த நான்கு உலகக் கோப்பைப் போட்டிகளிலும், நான்கு ஆசிய விளையாட்டுப் போட்டிகளிலும் பங்கேற்றார். அவர் தலைமையில் இந்தியா 1998இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் தங்கமும், 2003இல் கோலாலம்பூரில் ஆசியக் கோப்பையும் வென்றது. 1999–2000ஆம் ஆண்டிற்கான ராஜீவ் காந்தி கேல் ரத்னா விருது அவருக்கு வழங்கப்பட்டது. கட்கியிலிருந்து வந்த விக்ரம் பிள்ளையும் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் அணியில் அவருடன் இடம்பெற்றார் என்பது, இம்மண்ணின் ஆட்ட மரபு ஒருவரோடு முடிந்துவிடவில்லை என்பதற்குச் சான்றாகும்.

உத்தியோக முறையின் இயல்பு

இந்திய ஹாக்கியின் வரலாற்றில் ரயில்வே, முப்படைகள், எல்லைப் பாதுகாப்புப் படை, பஞ்சாப் காவல்துறை, வங்கிகள், எண்ணெய் நிறுவனங்கள், விமான நிறுவனங்கள் ஆகியவற்றின் பெயர்கள் மாநிலங்களின் பெயர்களுக்கு இணையாக இடம்பெறுகின்றன. தகுதி வாய்ந்த விளையாட்டு வீரர்களுக்காக மத்திய அரசு அலுவலகங்களில் சில நிலைகளில், நேரடி நியமன இடங்களுள் 5 சதவீதம் வரை நிரப்பலாம் என்ற விதியும் உள்ளது.

இம்முறையின் முதற்பயன் பாதுகாப்பு. ஆட்டத்தில் தோற்றாலும் சம்பளம் வரும். காயமடைந்தாலும் பணி நீடிக்கும். ஓய்வு பெற்றபின் அலுவலகத்திற்குத் திரும்பலாம், ஓய்வூதியத்திற்கும் வழியுண்டு. ஏழைக் குடும்பத்துப் பெற்றோர் தம் பிள்ளையை மைதானத்திற்கு அனுப்பத் துணிவதற்கு இந்த நம்பிக்கையே காரணமாயிற்று. மட்டை பிடித்தால் வேலை கிடைக்கும் என்ற எண்ணம், பரிசுகளைவிட வலிய ஊக்கமாக விளங்கியது.

ஆனால் இதில் ஒரு குறையும் உள்ளடங்கியிருந்தது. வீரருக்குச் சம்பளம் தருவது நிறுவனம். அவரை நாட்டிற்காக ஆடவைப்பது விளையாட்டுச் சம்மேளனம். நாட்டிற்காக ஆடுவது ஒரு கௌரவம். அதற்கெனத் தனி ஊதியம் தேவையில்லை என்ற கருத்து நிலவிவந்தது. பயிற்சி முகாம்களில் கழியும் மாதங்கள், தொடர்ச்சியான பயணம், உடல் தேய்மானம் ஆகியவற்றுக்கு விலை வைக்கப்படவில்லை. கூடுதல் வருவாய் நாடிய முன்னணி வீரர்கள் ஓய்வான மாதங்களில் அயல்நாட்டு மன்றங்களுக்கு ஆடச் சென்றனர். தன்ராஜ் பிள்ளையும் லண்டன் இந்தியன் ஜிம்கானா, பிரான்சின் லியோன், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட், மலேசியா, டாக்காவின் அபாஹனி எனப் பல அணிகளுக்கு ஆடினார். உள்நாட்டில் உத்தியோகம், வெளிநாட்டில் ஊதியம் என்ற இரட்டை வாழ்க்கையே அக்காலத்துச் சிறந்த ஹாக்கி வீரரின் தொழிலாக இருந்தது.

1998: தங்கமும் அதன் பின்னும்

பாங்காக்கில் இந்தியா வென்ற தங்கம், 1966க்குப் பின் 32 ஆண்டுகள் கழித்து ஆசிய விளையாட்டு ஹாக்கியில் கிடைத்த தங்கமாகும். இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவைப் பெனால்டி அடிகளில் இந்தியா வென்றது. ஆயினும் அதனை அடுத்து அறிவிக்கப்பட்ட அணியில் தலைவரான தன்ராஜ் பிள்ளையும் மேலும் ஆறு மூத்த வீரர்களும் இடம்பெறவில்லை. அவர்களுக்கு ஓய்வளிக்கப்பட்டுள்ளது என்பது அதிகாரபூர்வமான விளக்கம். வெளிநாட்டுப் பயணப் படியும் ஆட்ட ஊதியமும் வசதிகளும் போதவில்லை என்று வீரர்கள் வெளிப்படையாகப் பேசியதன் விளைவே அது எனப் பரவலாகக் கருதப்பட்டது. தன்ராஜ் பிள்ளை பின்னர் அணிக்குத் திரும்பினார்.

எக்காரணத்தால் நேர்ந்திருப்பினும், இந்நிகழ்ச்சி அமைப்பின் குறையை வெளிப்படுத்தியது. வீரருக்கும் சம்மேளனத்திற்கும் இடையே எழுத்து வடிவிலான ஒப்பந்தம் இல்லாதபோது, ஊதியம் கேட்பது உரிமையா, ஒழுங்கீனமா என்பதைத் தீர்மானிக்க விதி ஏதும் இல்லை. முறையிடுவதற்கு நடுவர் மன்றமும் இல்லை. உத்தியோக முறை வீரரின் வயிற்றைக் காத்தது. அவர் குரலைக் காக்கவில்லை.

ஒப்பந்த முறை: ஐஸ் ஹாக்கி தரும் ஒப்புமை

இதற்கு நேர்மாறான முறை எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிய, மட்டையால் ஆடும் மற்றோர் ஆட்டமான ஐஸ் ஹாக்கியை நோக்கலாம். உறைந்த பனித்தளத்தில் சறுக்குக் காலணிகளுடன் ஆடப்படும் இவ்வாட்டத்தில், கனடாவையும் அமெரிக்காவையும் சேர்ந்த அணிகளைக் கொண்ட தேசிய ஹாக்கி லீக் 1917இல் தொடங்கியது. 2021 முதல் அதில் 32 அணிகள் உள்ளன. இளம் வீரர்களை அணிகள் வரிசைமுறைப்படி தேர்ந்தெடுக்கும் முறை 1963இல் வந்தது. இவ்வாறு தேர்வு பெறும் 18 முதல் 21 வயது வரையிலான வீரருக்கு முதல் ஒப்பந்தம் மூன்றாண்டுகள். அதற்குரிய ஊதிய உச்சவரம்பு, பயண வசதி, காயத்திற்கான பொறுப்பு, ஓய்வூதியம் ஆகியவை அனைத்தும் லீக்கும் வீரர் சங்கமும் செய்துகொள்ளும் பொது உடன்படிக்கையில் எழுதப்பட்டிருக்கும்.

இந்தியத் தந்தைக்குக் கனடாவில் 1980இல் பிறந்த மேனி மல்ஹோத்ராவின் வாழ்க்கை இதனை விளக்கும். தன்ராஜ் பிள்ளை பாங்காக்கில் தங்கம் வென்ற அதே 1998ஆம் ஆண்டில், நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணி மல்ஹோத்ராவை அவ்வாண்டுத் தேர்வு வரிசையில் ஏழாவது வீரராகத் தேர்ந்தெடுத்தது. பல அணிகளுக்காக அவர் 991 லீக் ஆட்டங்களில் ஆடினார். 2010இல் வான்கூவர் அணியுடன் 75 லட்சம் டாலருக்கு மூன்றாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டார். 2011 மார்ச் மாதத்தில் ரப்பர் வட்டு தாக்கி அவர் கண்ணில் கடுங்காயம் ஏற்பட்டது. அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின் அதே ஆண்டு ஜூன் மாதத்தில் இறுதித் தொடரில் அவர் களமிறங்கினாலும், பார்வை முழுமையாகத் திரும்பவில்லை. 2013இல் அவருடைய பாதுகாப்பைக் கருதி அணி அவரைக் காயமுற்றோர் பட்டியலில் சேர்த்தது. ஆட்டத்தில் காயமுற்ற வீரருக்கு ஒப்பந்தக் கால ஊதியம் தரப்படவேண்டும் என்பது அந்த லீக்கின் விதி. பின்னர் அவர் வேறு அணிகளில் ஆடி, பயிற்சியாளரானார். அவர் பயிற்றுவித்த அபட்ஸ்ஃபோர்டு அணி 2025இல் அடுத்த நிலை லீக்கின் கால்டர் கோப்பையை வென்றது.

இப்பாதுகாப்பு உரிமையாளர்களின் தாராள மனத்தால் வந்ததன்று. நெடுங்காலம் வீரர்கள் ஓர் அணிக்கே கட்டுண்டிருந்தனர். சம்பளத்தை அணியே முடிவு செய்தது. 1957இல் டெட் லிண்ட்சே என்ற புகழ்பெற்ற வீரர் சங்கம் அமைக்க முயன்றார். அவர் டெட்ராய்ட் அணியிலிருந்து சிகாகோவுக்கு மாற்றப்பட்டார், சங்கமும் கலைந்தது. நிலையான சங்கம் 1967இல்தான் உருவாயிற்று. அதன் முதல் தலைமை நிர்வாகியாகப் பல்லாண்டுகள் இருந்தவரே 1998இல் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார். ஊதியத் தகராறு முற்றியதால் 2004–05ஆம் ஆண்டுப் பருவம் முழுவதும் கைவிடப்பட்டது. ஆகவே ஒப்பந்த முறையும் தானாகவே நீதி வழங்குவதில்லை. எழுதப்பட்ட விதிகளும், அவற்றுக்காகக் கூடிப் பேசும் அமைப்பும், அந்த அமைப்பின் மீதே கண்காணிப்பும் சேர்ந்தபோதுதான் அது வீரருக்குப் பயன்பட்டது.

புனே முகாமில் எழுந்த கேள்வி

இந்தியாவில் இக்கேள்வி மீண்டும் எழுந்த இடம் புனே நகரமே. 1928 முதல் தொடர்ந்து ஒலிம்பிக் ஹாக்கியில் பங்கேற்றுவந்த இந்தியா, 2008 பீஜிங் போட்டிக்குத் தகுதி பெறத் தவறியது. அதனையடுத்து நிர்வாக அமைப்புகள் மாற்றப்பட்டன. 2010 பிப்ரவரி மாத இறுதியில் புதுதில்லியில் உலகக் கோப்பை தொடங்கவிருந்த நிலையில், ஜனவரியில் புனேயில் நடந்த பயிற்சி முகாமில் வீரர்கள் பயிற்சியில் ஈடுபட மறுத்தனர். தமக்குச் சேரவேண்டிய தொகை வழங்கப்படவில்லை என்பது அவர்களது குறை. சில நாட்களில் உடன்பாடு ஏற்பட்டு, பயிற்சி தொடர்ந்தது. எனினும் கட்கியின் மண் மைதானத்திலிருந்து சில கல் தொலைவில், தன்ராஜ் பிள்ளை காலத்துக் கேள்வியையே அடுத்த தலைமுறையினரும் கேட்க நேர்ந்தது என்பது எண்ணத்தக்கது.

வடகரையில் ராணுவத்தின் பாதை

உத்தியோக முறை இன்றும் செழிப்பாக நடைபெறும் இடத்தைக் காண ஆற்றைக் கடந்து தாபோடிக்கு வரவேண்டும். இங்குள்ள ராணுவப் பொறியியல் கல்லூரி வளாகத்தில் ராணுவத்தின் துடுப்புப் படகுப் பயிற்சி மையம் இயங்கிவருகிறது. இந்தியாவின் முன்னணித் துடுப்புப் படகு வீரர்களுள் பலர் இங்குப் பயின்றவர்கள். அவர்களுள் பெரும்பாலோர் சிப்பாய்களாகச் சேர்ந்தபின்னரே துடுப்பைக் கையில் எடுத்தவர்கள்.

நாசிக் மாவட்டத்தின் வறண்ட பகுதியான தளேகாவ் ரோகி கிராமத்தைச் சேர்ந்த தத்து போகனள் இதற்குச் சிறந்த சான்று. கிணறு வெட்டும் கூலித் தொழிலாளியாக இருந்த அவர் 2012இல் ராணுவத்தில் சேர்ந்தார். உயரமும் உடல்வலிமையும் கண்ட அதிகாரிகள் அவரைத் துடுப்புப் படகுப் பயிற்சிக்கு அனுப்பினர். நான்கே ஆண்டுகளில், 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஒற்றையர் பிரிவில் அவர் 13ஆம் இடம் பெற்றார். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் நால்வர் பிரிவில் தங்கம் வென்ற இந்திய அணியிலும் அவர் இருந்தார். விலையுயர்ந்த படகு, நீர்த்தடம், உணவு, பயிற்சியாளர், மாதச் சம்பளம் ஆகிய அனைத்தையும் ஒரே நிறுவனம் ஏற்றதால்தான் இது இயன்றது. தனிமனிதர் எவரும் தம் செலவில் மேற்கொள்ள இயலாத விளையாட்டு இது.

இதே பாதைதான் லடாக்கில் ஐஸ் ஹாக்கியையும் தாங்குகிறது. 1989இல் இந்தியா சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பில் உறுப்பினராயிற்று. குளிர்காலத்தில் உறையும் குளங்களின் மீது ஏறத்தாழ இரண்டு மாதங்களே ஆடக்கிடைக்கும் இவ்வாட்டத்தில், தொழில்முறை லீக் என ஒன்று இந்தியாவில் உருவாகவில்லை. தேசியப் போட்டிகளில் ராணுவம், இந்தோ–திபெத் எல்லைக் காவல் படை ஆகியவற்றின் அணிகளே முன்னணியில் உள்ளன. அதாவது ஒரு லடாக் இளைஞருக்கு ஐஸ் ஹாக்கி என்பது சீருடைப் பணிக்குச் செல்லும் வழிகளுள் ஒன்று. அங்குள்ள பெண்களோ நெடுங்காலம் அவ்வழியும் இன்றி, தம் சொந்த முயற்சியிலும் நன்கொடையிலும் ஆடிவந்தனர். 2016இல் முதன்முறையாகச் சர்வதேசப் போட்டியில் ஆடிய இந்திய மகளிர் அணி, 2025இல் அல் ஐன் நகரில் நடந்த மகளிர் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்றது. நிறுவன ஆதரவு எங்கு எட்டவில்லையோ அங்கும் திறமை இருக்கிறது என்பதை இது உணர்த்துகிறது.

லீக் போட்டிகளின் வருகை

ஒப்பந்த முறையை இந்திய ஹாக்கியில் புகுத்தும் முயற்சிகள் 2005இல் தொடங்கின. அவ்வாண்டு ஆரம்பமான பிரிமியர் ஹாக்கி லீக்கில் தன்ராஜ் பிள்ளை மராட்டா வாரியர்ஸ் அணியில் ஆடினார். 2008உடன் அது நின்றுபோயிற்று. 2012இல் நடந்த உலகத் தொடர் ஹாக்கியில், 43 வயதில் அவர் கர்நாடக அணிக்காக மீண்டும் மட்டை பிடித்தார். அத்தொடரும் ஓராண்டோடு முடிந்தது. 2013இல் தொடங்கிய ஹாக்கி இந்தியா லீக் 2017க்குப் பின் தடைப்பட்டு, 2024 டிசம்பரில் மீண்டும் உயிர் பெற்றது. அந்தப் பருவத்திற்கான ஏலத்தில் இந்திய அணித் தலைவர் ஹர்மன்பிரீத் சிங் ரூ. 78 லட்சத்திற்கு எடுக்கப்பட்டார். மகளிருக்கெனத் தனி லீக்கும் அதனுடன் தொடங்கியது. ஏலத்தில் வீரர்களுக்கான அடிப்படை விலைகள் ரூ. 2 லட்சம், ரூ. 5 லட்சம், ரூ. 10 லட்சம் என மூன்று படிகளில் வகுக்கப்பட்டன.

இவ்வெண்களை ஆராய்ந்தால் ஓர் உண்மை புலனாகும். பருவம் ஏறத்தாழ ஒரு மாதமே நடைபெறுகிறது. முதல் வரிசை வீரருக்கு அது பெருந்தொகை. ரூ. 2 லட்சம் பெறும் வீரருக்கு அது ஆண்டு முழுவதற்குமான வாழ்க்கை ஊதியம் ஆகாது. உத்தியோகம் இருந்தால் அது நல்லதொரு கூடுதல் வருவாய், இல்லையேல் நிச்சயமற்ற பிழைப்பு. மேலும் 2005 முதல் 2024 வரை நான்கு முறை தொடங்கியும் மீண்டும் தொடங்கியும் வந்த லீக்கை நம்பி, பத்து வயதுப் பிள்ளையின் எதிர்காலத்தைப் பெற்றோர் திட்டமிட இயலாது. தொழில் என்பதற்கு ஊதியத்தின் அளவு மட்டும் போதாது; அதன் தொடர்ச்சியும் இன்றியமையாதது.

மாறிவரும் அடித்தளம்

இதற்கிடையே பழைய பாதையின் படிகளும் மாறிவருகின்றன. தளவாடத் தொழிற்சாலை வாரியம் 2021 அக்டோபர் 1ஆம் நாள் கலைக்கப்பட்டு, அதன் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. கட்கித் தொழிற்சாலை, புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்தது. ஏர் இந்தியா 2022 ஜனவரியில் டாட்டா குழுமத்திற்குக் கைமாறியது. அதே ஆண்டில் அறிமுகமான அக்னிபத் திட்டத்தின்படி, சிப்பாய் நிலைச் சேர்க்கை நான்காண்டுக் காலத்திற்கு உரியது. நான்கில் ஒரு பங்கினர் வரை மட்டுமே நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவர். தேர்ந்த விளையாட்டு வீரர்களை ஹவில்தார், நாயப் சுபேதார் நிலைகளில் நேரடியாகச் சேர்க்கும் வழி தனியே உள்ளது. ஆனால் அது முன்னரே திறமையை நிரூபித்தவர்களுக்கு உரியது. சேர்ந்தபின் துடுப்பைக் கண்டறிந்த கிணறு வெட்டும் இளைஞருக்கு உரியதன்று.

இம்மாற்றங்கள் பொருளாதாரக் காரணங்களுக்காகவும் பாதுகாப்புக் காரணங்களுக்காகவும் மேற்கொள்ளப்பட்டவை. அவற்றின் தகுதியை விளையாட்டைக் கொண்டு மட்டும் மதிப்பிட இயலாது. ஆயினும் ஒரு தொழிற்சாலையின் கணக்கேட்டில் செலவாக மட்டுமே தோன்றும் மைதானம், ஒரு மாவட்டத்தின் விளையாட்டு வளர்ச்சிக்கு மூலதனமாக இருந்துவந்தது என்பதை மறத்தலாகாது. அம்மூலதனம் குறையுமிடத்தில் அதனை ஈடுசெய்வது எது என்பதே இன்றைய கேள்வி.

அரசு உதவித் திட்டங்கள் ஓரளவு ஈடுசெய்கின்றன. 2014இல் தொடங்கிய ஒலிம்பிக் மேடை இலக்குத் திட்டத்தின் முதன்மைப் பட்டியலில் உள்ள வீரருக்கு மாதம் ரூ. 50,000 கைச்செலவுப் படி கிடைக்கிறது. கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வு பெறும் இளம் வீரருக்கு மாதம் ரூ. 10,000 தரப்படுகிறது. சர்வதேசப் பதக்கம் பெற்று ஓய்வடைந்த வீரர்களுக்கான மாத ஓய்வூதியம், 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பதக்கத்தின் தரத்திற்கேற்ப ரூ. 12,000 முதல் ரூ. 20,000 வரை உயர்த்தப்பட்டது. 2025இல் நிறைவேறிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம், சம்மேளனங்களில் வீரர்களுக்கெனக் குழு அமைக்கவும், தகராறுகளைத் தீர்க்கத் தேசிய நடுவர் தீர்ப்பாயம் ஏற்படுத்தவும் வகைசெய்துள்ளது. 1998இலும் 2010இலும் இல்லாதிருந்த ஒரு வாயில் இதன்மூலம் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது.

செய்யத்தக்கவை

மூன்று முறைகளும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பத்தக்கவை. அவ்வாறு இணைப்பதற்குச் சில நடவடிக்கைகள் உதவும்.

முதலாவதாக, நாட்டின் சார்பில் ஆடும் ஒவ்வொரு வீரரும் தம் சம்மேளனத்துடன் எழுத்து வடிவிலான ஒப்பந்தம் பெறவேண்டும். முகாம் படி, ஆட்ட ஊதியம், பரிசுத் தொகையில் பங்கு, வழங்கப்படும் நாள் ஆகியன அதில் குறிக்கப்படவேண்டும்.

இரண்டாவதாக, காயத்திற்கான காப்பீடு தேசிய அணியோடு நின்றுவிடாமல் மாநில, நிறுவன அணிகளுக்கும் பரவவேண்டும். வாழ்க்கையைப் புரட்டிப்போடும் காயம் பதக்கம் பெற்றவரை மட்டுமே தேடி வருவதில்லை. பதக்க அடிப்படையிலான ஓய்வூதியம் எட்டாத வீரர்களே எண்ணிக்கையில் மிகுதி.

மூன்றாவதாக, ஆடும் காலத்திலேயே கல்வியும் தொழிற்பயிற்சியும் தொடரவேண்டும். எட்டு முதல் பதினான்கு வயதுச் சிறுவர்களைச் சேர்த்துப் பள்ளிக் கல்வியோடு பயிற்சி தரும் ராணுவத்தின் சிறுவர் விளையாட்டுக் கம்பெனிகள் இதற்கு முன்மாதிரி. இவ்வசதி சீருடைப் பணிக்கு வெளியிலும், சிறுமியருக்கும் சம அளவிலும் கிடைக்கவேண்டும்.

நான்காவதாக, பொதுத்துறை நிறுவனங்கள் சீரமைக்கப்படும்போது அவற்றின் மைதானங்களைப் பொதுச் சொத்தாகப் பதிவு செய்து, அருகிலுள்ள பள்ளிகளும் உள்ளாட்சி அமைப்பும் பயன்படுத்த வழி காணவேண்டும். கட்டடம் எழுந்துவிட்ட மைதானத்தை மீட்பது கடினம்.

இந்திய ஆடவர் ஹாக்கி அணி டோக்கியோவிலும் பாரிசிலும் அடுத்தடுத்து வெண்கலம் வென்று, நாற்பதாண்டுக்கும் மேலான வறட்சியைத் தீர்த்துள்ளது. அவ்வெற்றிகளைத் தொடர்வதற்குச் சிறந்த பதினாறு வீரர்கள் இருந்தால் போதாது. அவர்களுக்குப் பின்னால், உடைந்த மட்டையுடன் மைதானத்திற்கு வரும் ஆயிரக்கணக்கான சிறுவர் சிறுமியர் வேண்டும். அப்பிள்ளைகளை அனுப்புவதா, வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பவர்கள் அவர்களுடைய பெற்றோர். அப்பெற்றோர் கணக்கிடுவது பதக்கங்களை அன்று. தம் பிள்ளையின் முப்பத்தைந்தாம் வயதுக்குப் பிந்திய வாழ்க்கையை. அக்கணக்கில் தெளிவான விடையை எழுதிக் காட்டுவதே விளையாட்டுக் கொள்கையின் முதற்கடமையாகும்.